நடுவில் தேய்ந்தது

கழற்றிய டயரை நாற்காலிமேல் சாய்த்துவைத்து
பிரேடா கேட்டாள்:
"எங்கே ஓட்டினாய் இதை,
தண்டவாளத்திலா?"

நடுவில் வழுக்கை.
இரண்டு ஓரங்களிலும்
தொழிற்சாலையில் முளைத்த ரப்பர் மயிர்
இன்னும் உதிரவே இல்லை.

பதினோராயிரம் கிலோமீட்டர் என்றேன்.
கிராட்ஸுக்கு என்றேன்.
ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை,
யெசெனித்சே உருக்காலையைக் கடந்து,
மலைக்கு அடியில் எட்டுக் கிலோமீட்டர் சுரங்கம்,
அப்புறம் ஆஸ்திரியர்களின் நெடுஞ்சாலை,
ஏதோ கோபத்தில் கிளம்பியது போல
திரும்பிப் பார்க்காமல் போகும் சாலை.
அதன் முடிவில்
மகளோடு ஒரு மதியச் சாப்பாடு.
இருட்டுவதற்குள் அதே வழி.

அவள் சக்கரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.
"சதுரமாகிவிட்டது."

உண்மைதான். கொஞ்ச நாளாகவே
சாய்க்கச் சொன்னால் யோசிக்கும் வண்டி,
பிறகு சட்டென்று விழும்,
வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும்
சொல்லிவிடுகிறவனைப் போல.

புதியதைப் பற்றி அவளுக்கு நிறையச் சொல்ல இருந்தது.
நடுவே கெட்டி ரப்பர், தூரத்துக்கு.
ஓரத்தில் இளகினது, சாயும்போது பற்றிக்கொள்ள.
மழைக்கென்று சிலிக்கா.
முன்னால் இரண்டரை, பின்னால் இரண்டு புள்ளி ஒன்பது,
குளிர்ந்திருக்கும்போது பார்,
பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாதே.
முதல் நூறு கிலோமீட்டர்
டயரையும் நம்பாதே.

அந்த நூறைப் பள்ளத்தாக்கிலேயே
மேலும் கீழும் ஓட்டித் தீர்த்தேன்.
பால் வண்டிக்காரன் மூன்று தடவை கையசைத்தான்.
நான்காம் தடவை அசைக்கவில்லை.

ஏனென்றால் அய்தா எழுதியிருந்தாள்:
இந்தக் கோடையில் கிராட்ஸ் வேண்டாம் அப்பா,
நான் போவெட்ஸில்,
சோச்சா ஆற்றில் படகு ஓட்டுகிறேன்,
இதுவரை ஒருவரையும் மூழ்கடிக்கவில்லை.

எங்களுக்கு நடுவே வெர்ஷிச் கணவாய்.
ஐம்பது கொண்டை ஊசிகள்,
ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை.
ஏறும் பக்கத்து வளைவுகளில் தார் இல்லை, கல்.
முதல் உலகப் போரில்
ரஷ்யக் கைதிகள் போட்ட பாதை;
பனி சரிந்து அவர்களில் பலரை மூடிய இடத்தருகே,
எட்டாம் வளைவில், மரத்தால் ஒரு சின்னத் தேவாலயம்.
அங்கே நிற்பவர்கள் நிற்கட்டும்.
நான் நிற்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது.

நனைந்த கல்லைப் பற்றி
யாரும் எனக்கு நல்லதாக எதுவும் சொன்னதில்லை.
வண்டி, நான், மழைக்கோட்டு,
பெட்டியில் அவளுக்கு ஒரு வட்டப் பாலாடைக்கட்டி,
இத்தனையும் பூமியைத் தொடுவது
இரண்டு உள்ளங்கை இடத்தில்.
அந்த இடத்திலிருந்தும்
தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளியபடி
எதையோ பிடித்துக்கொண்டே இருந்தது ரப்பர்.

பதினாறாம் வளைவில்
பின்சக்கரம் ஒரு விரற்கடை நழுவியது.
ஒரு விரற்கடைதான்.
பிறகு தானே பிடித்துக்கொண்டது.
நான் செய்தது ஒன்றுமில்லை,
இறுக்கியிருந்த கையைத் தளர்த்தியதைத் தவிர.
அதைச் செய்ய
எனக்கு ஐம்பத்தோரு வயதாகியிருக்கிறது.

உச்சியில் ஆடுகள், மூடுபனி,
பூட்டிய ஒரு காப்பிக் கடை.
இறக்கத்தில் தார்ச்சாலை, பாதி காய்ந்தது.
முப்பதுக்குப் பிறகு எண்களைப் பார்க்கவில்லை.
இடம், வலம்,
நெடுஞ்சாலை கேட்டே இராத சொற்கள்.
சாய்த்த அளவுக்குச் சாய்ந்தது,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போவெட்ஸில் அய்தா
ரப்பர் உடையோடு சொட்டச் சொட்ட வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை முதலில்.
பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து
தேயாத ஓரத்தை விரலால் அளந்தாள்.
"இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கிறதே."
திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஆற்றுக்குளிர் போகாத கை அவளுடையது.
டயர்மேல் முழுசாகப் பதித்து
அப்படியே வைத்திருந்தாள்.
"சூடாக இருக்கிறது" என்றாள்,
எடுக்காமல்.